ஐடெம்போடென்ட் அளவைகளுக்குக் கான்டரோவிச் தூரம்: இரண்டே புள்ளியில் உடைகிறது, எங்கே தப்பு?

எல்லைப்புள்ளி:

வணக்கம். மூன்று நாளாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், யாராவது கைகொடுங்கள்.

சாதாரண நிகழ்தகவு அளவைகளின் வெளியில் தூரம் வைப்பது ஓரளவு தெரியும். காம்பேக்டான மெட்ரிக் வெளி ஒன்று, அதன் மேல் மியூ, நியூ என்று இரண்டு அளவைகள். லிப்ஷிட்ஸ் மாறிலி (இரண்டு புள்ளிகளில் சார்பின் மதிப்பு, அவற்றின் தூரத்தைப் போல் அதிகபட்சம் எத்தனை மடங்கு மாறலாம் என்ற எண்) 1-ஐத் தாண்டாத சார்புகள் எல்லாவற்றையும் எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு அளவையாலும் தொகையிட்டு, வித்தியாசம் அதிகபட்சம் எவ்வளவு போகிறது என்று பார்த்தால் அதுதான் கான்டரோவிச் தூரம். இது வீக்-ஸ்டார் இடவியலோடு (ஒவ்வொரு தொடர்ச்சியான சார்புக்கும் விடைகள் ஒருங்கினால் அளவைகள் ஒருங்குகின்றன என்பது) ஒத்துப்போகிறது. இரண்டு டிராக் அளவைகளுக்கு (முழு எடையும் ஒரே புள்ளியில் இருப்பவை) இடையே இது தரும் தூரம் பழைய வெளியில் அந்த இரண்டு புள்ளிகளுக்கு உள்ள தூரமேதான், அதனால் வெளி தன் அளவைகளின் வெளிக்குள் தூரம் மாறாமல் போய் உட்கார்ந்துகொள்கிறது. இதுவரை எல்லாம் அழகு.

இப்போது நான் படிப்பது ஐடெம்போடென்ட் அளவைகள். தொடர்ச்சியான சார்பை வாங்கி ஓர் எண்ணைத் தரும் ஃபங்ஷனல்கள்தான் இவையும், ஆனால் நேரியல் கிடையாது. விதிகள் மூன்று: மாறிலிச் சார்பைக் கொடுத்தால் அதே மாறிலி வரவேண்டும், சார்போடு ஒரு மாறிலியைக் கூட்டினால் விடையிலும் அது கூடவேண்டும், இரண்டு சார்புகளின் மாக்ஸைக் கொடுத்தால் இரண்டு விடைகளின் மாக்ஸ் வரவேண்டும். அதாவது கூட்டல் இருந்த இடத்தில் மாக்ஸ், பெருக்கல் இருந்த இடத்தில் கூட்டல்.

நானும் அதே கான்டரோவிச் வாய்பாட்டை அப்படியே எடுத்துப் போட்டேன். முக்கோணச் சமனிலி வருகிறது, டிராக் அளவைகளுக்குச் சரியான தூரம் வருகிறது. சந்தோஷமாக இருந்துவிட்டு, இரண்டே புள்ளி உள்ள வெளியில் சரிபார்த்தபோது கதை கந்தலாகிவிட்டது. அ, ஆ என்று இரண்டு புள்ளி, நடுவே தூரம் 1. சார்பை வாங்கி, அ-வில் அதன் மதிப்பு, ஆ-வில் அதன் மதிப்பு கழித்தல் ட, இவற்றில் பெரியதைத் திருப்பித் தரும் அளவையை எடுங்கள் (ட பூஜ்யமோ அதற்கு மேலோ). ட எவ்வளவு பெரியதோ அவ்வளவுக்கு ஆ ஓரங்கட்டப்படுகிறது. இதற்கும் அ-வின் டிராக் அளவைக்கும் எவ்வளவு தூரம்? மாறிலி 1 உள்ள சார்பு ஆ-வில் அ-வைவிட அதிகபட்சம் 1 தான் கூடுதலாக ஏற முடியும். ட 1 ஆகவோ அதற்கு மேலோ இருந்தால் ஆ-வின் பக்கம் ஒருபோதும் ஜெயிக்காது, தூரம் பூஜ்யம்! அளவைகள் வேறுவேறு, தூரம் பூஜ்யம். இது மெட்ரிக்கே இல்லையே.

நான் எங்கேயாவது தப்புச் செய்கிறேனா, இல்லை உண்மையிலேயே இந்த வாய்பாடு இங்கே செல்லாதா?

சமனிலிப்_பித்தன்:

தப்பில்லை, கணக்குச் சரி. நீங்கள் கண்டுபிடித்தது வெறும் போலி மெட்ரிக், வேறு புள்ளிகளுக்கு நடுவேயும் பூஜ்யம் தரக்கூடியது.

காரணம் ஒரு வரி. நேரியல் ஃபங்ஷனலில் சார்பை 5 மடங்காக்கினால் விடையும் 5 மடங்கு, ஆகவே மாறிலி 1 உள்ள சார்புகளால் பிரித்தறிய முடியாததை மாறிலி 5 உள்ளவற்றாலும் பிரித்தறிய முடியாது, 1 மட்டும் போதும். மாக்ஸ் உலகில் அந்த மடங்குச் சலுகை கிடையாது. சார்பை 5 மடங்காக்கினால் சார்பின் ஏற்ற இறக்கம் பெருகும், ஆனால் உங்கள் ட அப்படியே நிற்கும். மெதுவாக ஏறும் சார்பின் கண்ணுக்குத் தெரியாத ஆ, செங்குத்தாக ஏறும் சார்பின் கண்ணுக்குத் தெரியும். எனவே மாறிலி 1 போதாது, எல்லா மாறிலிகளையும் கூப்பிட வேண்டும்.

எல்லைப்புள்ளி:

ஆஹா, சரி. அப்படியானால் மாறிலிக்கு வரம்பே வைக்காமல் எல்லா லிப்ஷிட்ஸ் சார்புகளையும் எடுத்துக்கொண்டால்? வித்தியாசம் முடிவிலிக்குப் போய்விடும், அது புரிகிறது. மாறிலி க-வுக்குக் கிடைக்கும் தூரத்தைக் க-வால் வகுத்துவிட்டு, எல்லாக் க-வுக்கும் மேல் எல்லை எடுத்தால் என்ன? டிராக் அளவைகளுக்கு அப்போதும் சரியான தூரமே வருகிறது.

வால்தொடர்:

அதில்தான் அடுத்த குழி. உங்கள் இரண்டு புள்ளியிலேயே போட்டுப் பாருங்கள்.

மாறிலி க உள்ள சார்புகளால் வரும் போலி மெட்ரிக்கைத் தூரம்-க என்று சொல்லிக்கொள்வோம். உங்கள் அளவைக்கும் அ-வின் டிராக் அளவைக்கும் நடுவே தூரம்-க = க − ட, அது குறையெண்ணாகப் போனால் பூஜ்யம். க-வால் வகுத்தால் 1 − ட/க. க-வை வளர்த்துக்கொண்டே போனால் இது 1-ஐ நெருங்கும், ட எவ்வளவு பெரியதாக இருந்தாலும். ஆனால் ட முடிவிலிக்குப் போகும்போது அந்த அளவை வீக்-ஸ்டாரில் டிராக் அளவைக்குத்தானே ஒருங்குகிறது? எந்தச் சார்பைக் கொடுத்தாலும், ட போதுமான அளவு பெரியதானால் விடை அ-வின் மதிப்புதான். ஒருங்கும் தொடர்முறை ஒன்று எல்லையிலிருந்து எப்போதும் 1 தூரத்தில் நிற்கிறது என்றால் அந்த மெட்ரிக் வீக்-ஸ்டாரின் மெட்ரிக் இல்லை. முதல் முயற்சி பிரிக்கவேண்டியதைப் பிரிக்கவில்லை, இது சேர்க்கவேண்டியதையும் பிரித்துவிடுகிறது.

நடுவழி உண்டு, 2010-இல் பாசிலெவிச், ரெபோவ்ஷ், ஸரிச்னி மூவரும் எழுதிய கட்டுரையில் இருப்பது. தூரம்-க ஒவ்வொன்றையும் க பெருக்கல் 2-இன் அடுக்கு க என்ற எண்ணால் வகுத்து, க = 1, 2, 3 என்று முடிவில்லாமல் கூட்டிவிடுங்கள். அவ்வளவுதான். பார்த்தால் யாரோ கைக்கு வந்ததை எழுதினாற்போல் இருக்கும், ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் வேலை உண்டு. 2-இன் அடுக்கு இருப்பதால் தொடர் சீராக ஒருங்குகிறது (தூரம்-க வெளியின் விட்டத்தின் க மடங்கைத் தாண்டாது). க இருப்பது டிராக் அளவைகளுக்காக: அவற்றுக்கிடையே தூரம்-க என்பது புள்ளிகளின் தூரத்தின் க மடங்கு, க அடிபட்டுப்போகும், 1/2 + 1/4 + 1/8 என்று போகும் தொடரின் கூட்டல் 1. ஆக வெளி அப்படியே உள்ளே உட்காருகிறது.

வீக்-ஸ்டாரோடு ஒத்துப்போகிறது என்பதற்கு நிரூபணம் நாலே வரி. இந்த ஃபங்ஷனல்கள் சார்புகளின் சீர்தூரத்தைப் பெருக்குவதில்லை: இரண்டு சார்புகள் எங்கும் 0.01-க்கு மேல் விலகவில்லை என்றால் விடைகளும் அதற்கு மேல் விலகாது. மாறிலி க உள்ள சார்புகளை, ஒரு குறிப்பிட்ட புள்ளியில் மதிப்பு பூஜ்யம் என்று நகர்த்திக்கொண்டால் (மாறிலியைக் கூட்டினால் வித்தியாசம் மாறாது), அர்ஸெலா–அஸ்கோலி தேற்றப்படி அவை காம்பேக்ட் கணம், ஆகவே முடிவுள்ள எண்ணிக்கையில் சில சார்புகளைச் சோதித்தாலே தூரம்-க தோராயமாகத் தெரிந்துவிடும். எனவே தூரம்-க ஒவ்வொன்றும் வீக்-ஸ்டாரில் தொடர்ச்சி, அவற்றின் சீரான கூட்டலும் தொடர்ச்சி. லிப்ஷிட்ஸ் சார்புகள் தொடர்ச்சியான சார்புகளிடையே அடர்ந்து கிடப்பதால் வேறான இரண்டு அளவைகளை ஏதோ ஒரு க பிரித்துவிடும், ஆக மெட்ரிக். அளவைகளின் வெளி வீக்-ஸ்டாரில் காம்பேக்ட். காம்பேக்ட் வெளியின் மேல் தொடர்ச்சியான மெட்ரிக் ஒன்று இருந்தால் அது அந்த இடவியலையே தரும். முடிந்தது.

உங்கள் உதாரணத்துக்கு எண் வேண்டுமா: ட = 0 என்றால் 1. ட = 1 என்றால் 1 − (2-இன் இயல் மடக்கை), சுமார் 0.307. ட = 2 என்றால் சுமார் 0.136. ட ஏற ஏற கிட்டத்தட்ட 2-இன் அடுக்கு −ட வேகத்தில் சுருங்கிப் பூஜ்யத்தை நோக்கிப் போகும், நாம் கேட்டது அதைத்தானே.

சமனிலிப்_பித்தன்:

ட = 2-க்கு நீங்கள் போட்ட எண் தப்பு. க = 3-இலிருந்து தொடங்கும் 1/8 + 1/16 + … என்ற தொடரின் கூட்டலான 1/4-இலிருந்து 0.136-ஐக் கழிக்க வேண்டும், நீங்கள் கழிக்கவேண்டியதையே விடையாக எழுதிவிட்டீர்கள். 0.25 − 0.136 = 0.114.

வால்தொடர்:

ஆமாம், 0.114 தான். நன்றி. காகிதத்தில் சரியாக இருக்கிறது, தட்டச்சில் கோட்டைவிட்டேன்.

எல்லைப்புள்ளி:

நிரூபணம் புரிந்துவிட்டது, மிக்க நன்றி. இதே தொடரைச் சாதாரண நிகழ்தகவு அளவைகளுக்குப் போட்டால் என்ன வரும் என்று பார்த்தேன்: அங்கே தூரம்-க என்பது தூரம்-1-இன் க மடங்கு, க அடிபட்டு, பழைய கான்டரோவிச்சே திரும்பி வருகிறது! அப்படியானால் இது ஒட்டுப்போட்ட வாய்பாடு இல்லை, முதலிலிருந்தே இதுதான் வாய்பாடு, நேரியல் உலகில் க = 1 மட்டும் வெளியே தெரிகிறது என்று சொல்லலாம் போலிருக்கிறதே?

வால்தொடர்:

அப்படியே சொல்லலாம். இன்னும் ஒன்று. மூடிய கணம் ஒன்றை எடுத்து, சார்புக்கு அந்தக் கணத்தின் மேல் உள்ள உச்சமதிப்பைத் தரும் ஃபங்ஷனலும் ஐடெம்போடென்ட் அளவைதான். அப்படி இரண்டு கணங்களுக்குத் தூரம்-க என்ன? ஹவுஸ்டார்ஃப் தூரத்தின் (ஒரு கணத்தின் புள்ளி மற்றதிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று இரு பக்கமும் பார்த்து, அதில் பெரியது) க மடங்கு. (ஒரு கணத்தின் புள்ளி மற்ற கணத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அந்தப் புள்ளியை உச்சியாக வைத்துச் செங்குத்தாக இறங்கும் கூம்புச் சார்பைப் போட்டால் அது வந்துவிடும்.) ஆக அதே தொடர் அங்கே ஹவுஸ்டார்ஃப் மெட்ரிக்காகிறது. அளவைகளுக்குக் கான்டரோவிச், கணங்களுக்கு ஹவுஸ்டார்ஃப், இரண்டும் ஒரே வாய்பாட்டிலிருந்து வருவது எனக்கு இன்னும் ரசிக்கத்தக்கதாகத்தான் இருக்கிறது.

கீழ்வரைபடம்:

தாமதமாக வருகிறேன். எனக்கு இந்த 2-இன் அடுக்குத் தொடர் எப்போதும் பிடித்ததில்லை. எதற்கு 2? 3 போட்டாலும் இடவியல் அதேதான், தூரம் மாறும். வசதிக்காக வைத்த எண் ஒன்று வடிவியலைத் தீர்மானிக்கக்கூடாது என்பது என் கட்சி.

வேறு வழி இருக்கிறது. ஐடெம்போடென்ட் அளவை ஒவ்வொன்றுக்கும் ஓர் அடர்த்தி உண்டு: மேல் அரைத்தொடர்ச்சியுள்ள சார்பு, மதிப்புகள் கழித்தல் முடிவிலியிலிருந்து 0 வரை, எங்கேயாவது ஒரு புள்ளியில் 0-ஐத் தொடவேண்டும். அளவையின் விடை என்பது சார்பு கூட்டல் அடர்த்தியின் உச்சம். உங்கள் உதாரணத்தில் அ-வில் அடர்த்தி 0, ஆ-வில் −ட. இதை எக்ஸ்ப் (e-இன் அடுக்கு) வழியாக 0-க்கும் 1-க்கும் நடுவே கொண்டுவாருங்கள், அ-வில் 1, ஆ-வில் எக்ஸ்ப்(−ட). இப்போது வரைபடத்துக்குக் கீழே உள்ள பகுதி முழுவதையும் நிழலடியுங்கள். அது வெளி பெருக்கல் [0, 1] என்பதில் ஒரு மூடிய கணம். இரண்டு அளவைகளின் தூரம் = இரண்டு நிழல்களின் ஹவுஸ்டார்ஃப் தூரம். கிடைமட்டத் தூரம், செங்குத்துத் தூரம் இரண்டில் பெரியதை மெட்ரிக்காக வைத்துக்கொள்ளுங்கள். இடவியல் அதே வீக்-ஸ்டார். வெளியின் விட்டம் 1-க்கு மிகாவிட்டால் டிராக் அளவைகளுக்குச் சரியான தூரமும் வரும். உங்கள் உதாரணத்தில் விடை எக்ஸ்ப்(−ட), கூட்டல் தொடர் எதுவும் இல்லாமல். ட = 1-க்கு 0.368.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், இது வேறு யாருமல்ல, புரொகோரோவ்தான். 1956-இல் அவர் கொடுத்த மெட்ரிக்: எந்த மூடிய கணத்துக்கும், ஒன்றின் அளவு, அந்தக் கணத்தை ஒரு சிறு எண் அளவுக்கு ஊதிப் பெருக்கியதன் மேல் மற்றதன் அளவு கூட்டல் அதே சிறு எண்ணைத் தாண்டக்கூடாது, அப்படிப்பட்ட சிறு எண்களின் கீழ் எல்லையே தூரம். இங்கே கணத்தின் அளவு என்பது அதன் மேல் அடர்த்தியின் உச்சம், ஆகவே எல்லாக் கணத்தையும் சோதிக்கத் தேவையில்லை, ஒற்றைப் புள்ளிகள் போதும். ஒற்றைப் புள்ளிகளுக்கு அந்த நிபந்தனையை எழுதிப் பாருங்கள், நிழல்களின் ஹவுஸ்டார்ஃப் நிபந்தனை அட்சரம் பிசகாமல் வந்து நிற்கும். கூட்டல் உலகில் கான்டரோவிச்சும் புரொகோரோவும் அண்ணன் தம்பி மாதிரி. மாக்ஸ் உலகில் தம்பியை விட்டுவிட்டு அண்ணனை மட்டும் எல்லோரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

சமனிலிப்_பித்தன்:

2-ஐக் குறை சொல்லிவிட்டு எக்ஸ்ப்பை ஏன் போட்டீர்கள்? அங்கேயும் அடிமானம் உங்கள் விருப்பம்தானே, 10-இன் அடுக்கு போட்டாலும் இடவியல் அதேதான்.

கீழ்வரைபடம்:

ம். அதுவும் சரிதான். ஒப்புக்கொள்கிறேன், என் கட்சிக்குப் பாதி வாக்குதான்.

சமனிலிப்_பித்தன்:

வம்புக்கு வந்துவிட்டதால் நானும் ஒன்று போட்டுவிடுகிறேன். கூட்டல் வேண்டாம் என்றால் மேல் எல்லை எடுங்கள், ஆனால் க வளர வளரக் குரலை அமுக்கிவிட்டு. தூரம்-க வகுத்தல் க, 1/க, இரண்டில் சிறியதை எடுத்து, எல்லாக் க-வுக்கும் மேல் எல்லை. போலி மெட்ரிக்கை ஓர் எண்ணில் வெட்டினாலும் முக்கோணச் சமனிலி கெடாது, மேல் எல்லையிலும் கெடாது. விட்டம் 1-க்குள் இருந்தால் டிராக் அளவைகளுக்குக் க = 1-இலேயே சரியான தூரம் வந்துவிடுகிறது. ட = 1-க்கு 1/2, ட = 2-க்கு 1/3, அப்படியே 1/(ட+1). அடுக்கு வேகத்தில் இல்லை, நிதானமாகக் குறைகிறது. எனக்கு இதுதான் கைக்கணக்குக்கு எளிது. ஆனால் சாதாரண அளவைகளில் போட்டால் இது கான்டரோவிச்சை 1-இல் வெட்டியது ஆகிறது, அந்தக் குறை உண்டு.

பெருவிலகல்:

நிகழ்தகவுப் பக்கத்திலிருந்து ஒரு குரல். நீங்கள் எல்லோரும் இதை ஏதோ மாக்ஸ்–கூட்டல் விளையாட்டு மாதிரிப் பேசுகிறீர்கள், இது எங்கிருந்து வருகிறது என்று சொன்னால் மெட்ரிக் எதற்கு என்பதும் தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

அந்த இரண்டு புள்ளியையே எடுத்துக்கொள்வோம். இப்போது சாதாரண நிகழ்தகவு அளவை, ஆ-வுக்கு எக்ஸ்ப்(−ட/சி) நிகழ்தகவு, மிச்சம் அ-வுக்கு, சி என்பது பூஜ்யத்தை நோக்கிப் போகும் சிறிய எண். வீக்-ஸ்டாரில் பார்த்தால் இது அ-வின் டிராக் அளவைக்குப் போகிறது, ட என்று ஒன்று இருந்ததே மறந்துபோகிறது. இப்போது நேராகத் தொகையிடாமல் இப்படிச் செய்யுங்கள்: சார்பைச் சி-யால் வகுத்து, எக்ஸ்ப் போட்டு, தொகையிட்டு, இயல் மடக்கை எடுத்து, சி-யால் பெருக்குங்கள். சி பூஜ்யத்துக்குப் போகும்போது இந்த எண் எங்கே போகிறது? அ-வில் சார்பின் மதிப்பு, ஆ-வில் மதிப்பு கழித்தல் ட, இவற்றில் பெரியது. நீங்கள் கேள்வியில் எழுதிய அதே அளவை! நிகழ்தகவு எவ்வளவு வேகமாகச் செத்தது என்ற தகவலைத்தான் ஐடெம்போடென்ட் அளவை சுமக்கிறது.

பொதுவாக இது வரதனின் தேற்றம், 1966. (2007-இல் ஏபெல் பரிசு வாங்கிய அதே ஸ்ரீனிவாச வரதன்.) பெருவிலகல் கோட்பாட்டில் (அரிய நிகழ்வுகளின் நிகழ்தகவு எவ்வளவு வேகமாகச் சாகிறது என்று பார்ப்பது) விகிதச் சார்பு என்று ஒன்று வரும்: கீழ் அரைத்தொடர்ச்சி, குறையெண் இல்லாதது, சிறும மதிப்பு 0. அதற்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் கீழ்வரைபடம் சொன்ன அடர்த்தி. காம்பேக்ட் வெளியில் பெருவிலகல் கொள்கை நிறைவேறுகிறது என்பதும், மேலே சொன்ன மடக்கை ஃபங்ஷனல்கள் ஓர் ஐடெம்போடென்ட் அளவைக்குச் சார்பு சார்பாக ஒருங்குகின்றன என்பதும் ஒன்றே.

இப்போது மெட்ரிக்குக்கு வருகிறேன். சி பூஜ்யமாகாதவரை அந்த மடக்கை ஃபங்ஷனல் நேரியலும் இல்லை, மாக்ஸைக் காப்பதும் இல்லை, ரெண்டுங்கெட்டான். ஆனால் இரண்டு குணம் அதற்கு உண்டு: மாறிலியைக் கூட்டினால் விடையிலும் கூடும், சார்பு பெரியதானால் விடை சிறியதாகாது. இந்த இரண்டு குணமும், மாறிலிக்கு அதே மாறிலி என்ற விதியும் உள்ள ஃபங்ஷனல்களின் வெளியை 1998-இல் ராதுல் ஆராய்ந்திருக்கிறார். வால்தொடர் மேலே கொடுத்த நிரூபணத்தை மறுபடி படியுங்கள். மாக்ஸை எங்கேயாவது பயன்படுத்தினாரா? இல்லை! சீர்தூரம் பெருகாது என்பது மட்டும்தான் தேவை, அது இந்த இரண்டு குணத்திலிருந்தே வந்துவிடும். இந்தப் பெரிய வெளியும் வீக்-ஸ்டாரில் காம்பேக்ட். ஆகவே அந்தத் தொடர் அங்கேயே மெட்ரிக். சாதாரண அளவைகள் அதற்குள் ஒரு மூடிய துண்டு, ஐடெம்போடென்ட் அளவைகள் இன்னொரு மூடிய துண்டு, பெருவிலகல் என்பது ஒரு துண்டிலிருந்து கிளம்பி நடுவெளி வழியாக மற்றத் துண்டுக்குப் போகும் பாதை, அந்தப் பாதை இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதை அளக்க ஒரே அளவுகோல். கீழ்வரைபடத்தின் நிழல் மெட்ரிக் அழகுதான், ஆனால் நடுவழியில் இருப்பவர்களுக்கு அடர்த்தியே கிடையாது, நிழல் எங்கிருந்து வரும்? என் வாக்கு தொடருக்கே.

கீழ்வரைபடம்:

நடுவழி பற்றிச் சொன்னது நியாயமான அடி. பதில் இல்லை.

எல்லைப்புள்ளி:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று கேட்டுவிடுகிறேன், உண்மையில் எனக்குத் தேவையே இதுதான், முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

அளவைகளின் மேல் அளவை ஒன்று இருந்தால் அதைத் தட்டையாக்கி ஓர் அளவையாக மாற்றும் வரைவு ஒன்று உண்டு அல்லவா, மோனாட் பெருக்கல். கான்டரோவிச் தூரத்தில் இது தூரத்தைப் பெருக்காது என்பது ஒரு வரி நிரூபணம்: ஃபை மாறிலி 1 உள்ள சார்பு என்றால், அளவையை வாங்கி அது ஃபை-க்குத் தரும் விடையைத் திருப்பும் சார்பும் மாறிலி 1 உள்ளது. தொடர் மெட்ரிக்கில் அதையே முயன்றேன், மாறிலி க உள்ள சார்பிலிருந்து தொடங்கினால் அளவைகளின் வெளியில் மாறிலி க பெருக்கல் 2-இன் அடுக்கு க என்று வந்து நிற்கிறது. ஊதிப்போகிறது. நிழல் மெட்ரிக்கில் நடக்குமா?

கீழ்வரைபடம்:

முழுதாக நடக்காது, என் மெட்ரிக்கை நானே காட்டிக்கொடுக்கிறேன். எக்ஸ்ப் போட்ட பிறகு தட்டையாக்கல் என்பது மேலடுக்கு அடர்த்தி பெருக்கல் கீழடுக்கு அடர்த்தி, அதன் உச்சம். இரண்டு பெருக்கப்படும் எண்களும் தலா 0.1 தவறினால் பெருக்கற்பலன் 0.19 தவறலாம்.

வெளியில் அ, ஆ, தூரம் 1. மியூ: இரண்டு புள்ளியிலும் அடர்த்தி 1. நியூ: அ-வில் 1, ஆ-வில் 0.9. இவற்றின் தூரம் 0.1. இப்போது மேலடுக்கில், ஒன்று: மியூ-வுக்கு 1, அ-வின் டிராக் அளவைக்கு 1. மற்றது: நியூ-வுக்கு 0.9, அ-வின் டிராக் அளவைக்கு 1. இந்த இரண்டுக்கும் தூரம் 0.1 தான், ஏனென்றால் கிடைமட்டமாக 0.1, செங்குத்தாக 0.1, பெரியது 0.1. தட்டையாக்கினால் முதலாவது ஆ-வில் 1 தருகிறது, இரண்டாவது 0.9 பெருக்கல் 0.9, அதாவது 0.81. தூரம் 0.19 ஆகிவிட்டது. இரண்டு மடங்கைத் தாண்டாது என்று பொதுவாகக் காட்டலாம், ஆனால் ஒரு மடங்கில் நிற்காது.

பெருக்கலுக்குப் பதில் மின் வைத்துக்கொண்டால், அதாவது மாக்ஸ்–மின் அளவைகளுக்குப் போனால், இரண்டும் 0.1 தவறினாலும் சிறியது 0.1 தான் தவறும். அங்கே நிழல் மெட்ரிக்கில் தட்டையாக்கல் தூரத்தைப் பெருக்கவே பெருக்காது.

எல்லைப்புள்ளி:

எனக்கு மாக்ஸ்–கூட்டல்தான் வேண்டும், மின்னுக்குத் தாவ முடியாது.

வால்தொடர்:

அப்படியானால் தொடரைக் கூட்டி ஒரே எண்ணாக்கிவிட்டு மேலே ஏறாதீர்கள். அங்கேதான் ஊதுகிறது. ஒவ்வொரு க-வையும் தனித்தனியாக ஏற்றுங்கள்: அளவைகளின் வெளியின் மேல் தூரம்-க வகுத்தல் க என்ற போலி மெட்ரிக்கை வைத்து, அதற்கு மாறிலி க உள்ள சார்புகளைக் கொண்டு அடுத்த மாடியின் தூரம்-க-வைக் கட்டுங்கள். ஃபை மாறிலி க உள்ளது என்றால், அளவைக்கு அது தரும் விடையைத் திருப்பும் சார்பு, வைத்த போலி மெட்ரிக்குக்கு மாறிலி க உள்ளதுதான், வரையறையிலிருந்தே வருகிறது. ஆக ஒவ்வொரு க-விலும் தட்டையாக்கல் தூரத்தைப் பெருக்காது, உங்கள் ஒரு வரி நிரூபணம் அப்படியே செல்லும். எல்லா மாடியும் கட்டி முடித்த பிறகு, கடைசியில் ஒருமுறை மட்டும் எடையிட்டுக் கூட்டுங்கள்.

விலை என்னவென்றால், இரண்டாம் மாடியின் மெட்ரிக் முதல் மாடியின் ஒற்றை மெட்ரிக்கிலிருந்து மட்டும் பிறந்தது இல்லை, போலி மெட்ரிக்குகளின் முழு வரிசையையும் கையோடு கொண்டுபோக வேண்டும். உங்கள் வகையத்தின் (கேட்டகரி) பொருள்கள் மெட்ரிக் வெளிகள் என்று எழுதியிருந்தால் அதை மாற்றி எழுத வேண்டிவரும்.

எல்லைப்புள்ளி:

மெட்ரிக் வெளிகள் என்றுதான் எழுதியிருக்கிறேன், நாற்பது பக்கமும். சரி, உட்கார்ந்து மாற்றுகிறேன்.